நீல அச்சுத் தட்டும் அதன் கொளுவும்: வில்லோ வரைவை ஒரு பிரதியாக வாசித்தல்

‘பீங்கான்’ என்னும் சொல் தான் சுட்டும் பொருளைச் சற்றே மங்கலாக்கிவிடும் சொல். சீனத்து வெண்களிமண்ணைக் கல்மாவுடன் பிசைந்து, மிகுந்த வெப்பத்தில் சுட்டு, ஒளி ஊடுருவும் அளவுக்கு இறுகச் செய்த கலத்தையும் நாம் பீங்கான் என்கிறோம். அதைப் பார்த்து இங்கிலாந்தில் செய்த, ஒளி ஊடுருவாத, மெருகு பெயர்ந்த இடத்தில் நீரை உறிஞ்சும் மண்கலத்தையும் பீங்கான் என்றே அழைக்கிறோம். பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல் மலாய்மொழியில் ‘பிங்கான்’ என நின்று, எந்த மண்ணால் ஆனதாயினும் உணவுத் தட்டைக் குறிக்கிறது. கப்பல் வணிகத்தோடு ஊர் ஊராகச் சென்ற சொல்லாதலின், கலம் எந்தச் சூளையிலிருந்து வந்தது என்பதைப் பற்றி அது கவலைப்படவில்லை போலும்.

ஆய்வாளர் அவ்வாறு இருத்தல் இயலாது. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது இரண்டாம் வகைக் கலத்தை. அதாவது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர் வட்டாரத்தில் ஆலை முறையில் செய்யப்பட்டு, செப்புத் தகட்டிலிருந்து தாள்வழி மாற்றி அச்சிடப்பட்ட ஓவியங்களைத் தாங்கிய மண்கலத்தை. அவற்றுள்ளும் ‘வில்லோ’ எனப்படும் நீல வரைவே இங்கு முதன்மையாக ஆராயப்படும். இந்திய இயல் துறையின் இதழில் ஆங்கிலேயத் தட்டுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கலாம். பிரதி, பாடபேதம், உரை, கொளு ஆகியவற்றைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வகுப்பெடுக்கும் நம்மைப் போன்றோருக்கு இத்தட்டு அந்நியமான பொருளன்று என்பதே என் கருத்து. கலைவரலாற்றாசிரியர்கள் இதைப் படமாகப் பார்த்தார்கள். பொருளியல் வரலாற்றாசிரியர்கள் சரக்காகப் பார்த்தார்கள். இதனைப் பிரதியாகப் பார்க்கும் வாசிப்பு ஒப்புநோக்கில் குறைவு.

தட்டு உருவான வகை

காரணங்களில் முதலாவது தேயிலை. 1784ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரித்தானிய அரசு தேயிலைமீதான வரியை நூற்றுக்கு 119 என்ற அளவிலிருந்து 12.5 ஆகக் குறைத்தது. தேநீர் நடுத்தர வீடுகளுக்கும், பின்னர் எளியோர் வீடுகளுக்கும் இறங்கியது. உடன் கலமும் வேண்டியதாயிற்று. அதே காலத்தில் சீனக் கலங்கள்மீதான இறக்குமதி வரி ஏறிக்கொண்டே போய், நூற்றாண்டின் முடிவில் நூற்றுக்கு நூறைத் தாண்டியது. கிழக்கிந்தியக் கும்பினி 1791இல் சீனக் கலங்களை மொத்தமாக இறக்குவதை நிறுத்தியது. நீலமும் வெண்மையுமான தட்டை விரும்பப் பழகிவிட்ட மக்களுக்கு அத்தட்டு வரும் வழி அடைபட்டது. அந்த இடைவெளியில்தான் ஸ்டாஃபோர்டுஷயர் நுழைந்தது.

கலத்தில் அச்சிடும் நுட்பம் அதற்கு முன்பே தோன்றிவிட்டது. லிவர்பூலைச் சேர்ந்த ஜான் சாட்லரும் கை கிரீனும் 1756இல் உறுதிமொழி ஆவணம் ஒன்றில், ஆறு மணி நேரத்தில் 1,200க்கு மேற்பட்ட ஓடுகளை அச்சிட்டதாக அறிவித்தனர். ஜோசையா வெட்ஜ்வுட் 1761 முதல் தம் பாலாடை நிறக் கலங்களை அவர்களிடம் அனுப்பி அச்சிட்டுப் பெற்றார். ஆயின் அந்த அச்சு மெருகின் மேல் அமைந்தது. கத்தியும் கரண்டியும் உரசத் தேயும். மெருகின் கீழே அச்சு அமைந்தால்தான் உண்ணும் தட்டுக்கு ஆகும். மண்கலத்தில் அதை நீலநிறத்தில் 1784ஆம் ஆண்டை ஒட்டிச் செம்மையாக்கிய பெருமை ஸ்டோக் நகரின் முதலாம் ஜோசையா ஸ்போடைச் (1733–1797) சாரும்.

செய்முறையைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். பின்னர் வரும் வாதம் அதில்தான் நிற்கிறது. செதுக்குநர் செப்புத் தகட்டில் கோடுகளாலும் புள்ளிகளாலும் ஓவியத்தை இடம்வலம் மாறாமல் வெட்டுகிறார். தாளில் ஒருமுறை திரும்பி, தாளிலிருந்து கலத்தில் மறுமுறை திரும்புவதால், ஏட்டச்சுக்குரிய தகடுபோல் இது கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டியதில்லை. தகட்டைச் சூடேற்றி, எண்ணெயில் குழைத்த கோபால்ட் சாயத்தைத் தேய்த்து, மிகுதியை வழித்தெடுப்பர். சவர்க்கார நீரில் நனைத்த மிக மெல்லிய தாளை அதன்மேல் இட்டு உருளைப் பொறியில் செலுத்துவர். ஈரத்தோடு வெளிவரும் தாளை ஒரு சிறுமி வாங்கி, நடுவோவியத்தையும் கரைப்பூவேலையையும் தனித்தனியே வெட்டுவாள். பெண்கள் அவற்றை முதற்சூளை கண்ட, இன்னும் மெருகிடாத கலத்தின்மேல் பொருத்தி, கெட்டித் தூரிகையால் வலிந்து தேய்ப்பர். பின்பு கலத்தை நீரில் அமிழ்த்தத் தாள் நீங்கும். சாயம் மண்ணில் தங்கும். எண்ணெய் எரிந்து போக ஒரு மெல்லிய சூடு. பின்னர் மெருகுக் குழம்பில் முக்கி இறுதிச் சூளை. சாம்பலும் கருமையும் கலந்து தெரிந்த கோடுகள் அச்சூளையிலிருந்து வெளிவரும்போதுதான் நீலமாகின்றன. கடும் வெப்பத்தைத் தாங்கும் சாயங்களுள் நம்பத்தக்கது தொடக்கத்தில் கோபால்ட் ஒன்றே என்பதால்தான் தட்டுகள் நீலமாயின. கருமை, பழுப்பு, பச்சை, இளஞ்சிவப்பு ஆகியவை 1820களின் பின்னரே பெருகின.

இங்கு எந்திரம் என்று சொல்லத்தக்கது உருளைப் பொறி ஒன்றுதான். மற்றவை கைகள். நல்ல பழைய தட்டு ஒன்றைக் கையில் எடுத்துக் கரையைச் சுற்றிப் பார்த்தால், ஓரிடத்தில் பூவேலையின் இரு முனைகள் சரியாகப் பொருந்தாமல் ஒரு பூ பாதியிலேயே அறுந்து நிற்பதைக் காணலாம். ஆய்வு மாணவராக இங்கிலாந்தில் இருந்த ஆண்டுகளில், பழம்பொருள் அங்காடிகளில் இந்த ஒட்டிடத்தைத் தேடுவது எனக்கு வழக்கமாகிப் போனது. தேடி ஏமாந்தது அரிது.

மூலமும் படியும்

எந்திரம் செய்த துல்லியத்தில் உயிரில்லை என்று ரஸ்கின் 1853இல் எழுதினார். அக்கருத்து வில்லியம் மாரிஸ் வழியாகக் கைவினை இயக்கத்தின் கொள்கையாயிற்று. வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், படியெடுக்கப்படும் கலைப்பொருள் தன் தனித்த இருப்பை இழக்கிறது என்றார். நம் துறைகளில் இவ்விரு கருத்துகளும் மேற்கோளாகவே வழங்கிப் பழகிவிட்டன. அச்சுத் தட்டை எடுத்துக்கொண்டால் இரண்டும் முழுமையாகப் பொருந்தவில்லை. துல்லியம் இங்கு இல்லை. ஒவ்வொரு தட்டிலும் ஒட்டிடம் வேறு, சாயத்தின் அழுத்தம் வேறு. படிக்கு எதிராக நிறுத்துவதற்கு ஒரு மூலமும் இல்லை. செப்புத் தகடு மூலமன்று. அது யாரும் மேசையில் வைத்துப் பார்க்கும் பொருளன்று. தேயத் தேய மீண்டும் வெட்டப்படுவது, சில சமயம் முற்றிலும் புதிதாகச் செதுக்கப்படுவது.

இதற்கு அணுக்கமான நிலையை நாம் ஏட்டுச் சுவடிகளில் கண்டிருக்கிறோம். புலவன் கையால் எழுதிய ஏடு நமக்குக் கிடைப்பதில்லை. கிடைப்பவை எல்லாம் படிகளே. படிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்து, எது எதிலிருந்து பிறந்தது என்று ஊகிப்பதே பதிப்பாசிரியர் பணி. வில்லோ வரைவில் அவ்வேலைக்கு இடம் நிறைய உண்டு. ஸ்போடு, மின்டன், டேவன்போர்ட், வெட்ஜ்வுட் முதலிய பல ஆலைகள் அதே காட்சியை வெட்டின. வலப்புற மரத்தின் கனிகளின் எண்ணிக்கை, முன்புற வேலியின் பின்னல், பறவைகளின் இறக்கை விரிவு ஆகியவை ஆலைக்கு ஆலை மாறுகின்றன. சேகரிப்பாளர்கள் கனிகளை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்து நகைப்பவர் உண்டு. நான் நகைப்பதில்லை; சுவடி ஒப்பிடுவோர் ஒற்றெழுத்தை எண்ணுவதற்கும் அதற்கும் தொலைவு அதிகமில்லை.

வரைவின் தோற்றம் பற்றியே ஒரு செவிவழிச் செய்தி உண்டு. காக்லி ஆலையில் பயின்ற இளம் செதுக்குநர் தாமஸ் மின்டன் (1765–1836) 1780ஐ ஒட்டி வில்லோவை வரைந்தார் என்பது அது. பெயர் தெரிந்த ஒருவரிடம் படைப்பை ஒப்படைக்க விரும்பும் பழைய மனப்போக்கின் விளைவு அது. ஸ்போடு ஆலையின் வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் கோப்லண்ட் 1980இல் வெளியிட்ட நூலில், சீனக் கலங்களையும் ஆங்கிலப் படிகளையும் பக்கத்துப் பக்கமாக வைத்து, இன்று நாம் வில்லோ எனும் நிலைத்த வடிவம் 1790ஐ ஒட்டி ஸ்போடு ஆலையில் உருவானது என்று காட்டினார். ‘மாண்டரின்’ என்று வழங்கும் முந்தைய சீன வரைவில் மரமும் மாளிகையும் படகும் உண்டு. பாலமும் அதன்மேல் மூவரும் இல்லை. அவற்றைச் சேர்த்தவர்கள் ஆங்கிலேயச் செதுக்குநர்கள். கோப்லண்டின் முறை, சொல்லப்போனால், ஒரு நல்ல பதிப்பாசிரியரின் முறைதான். குடும்பத்தார் எழுதிய நூல் என்பதற்காக அதை ஐயுற வேண்டியதில்லை. சான்றுகள் தட்டுகளாகவே கண்முன் இருக்கின்றன.

படத்துக்குப் பின் பிறந்த கதை

வில்லோத் தட்டின் கதை பலர் அறிந்தது. சுங்கத்தில் கையூட்டுப் பெற்றுச் செல்வம் சேர்த்த மாண்டரின் ஒருவர். அவர் மகள் கூங்-சே. அவருடைய கணக்கர் சாங். இருவரும் காதலிக்கின்றனர். தந்தையோ தா-ஜின் என்னும் பெருங்குடி முதியவனுக்கு மகளைப் பேசி முடிக்கிறார். காதலர் உடன்போக்கு மேற்கொள்கின்றனர். பாலத்தில் ஓடும் மூவரில் முதலில் செல்பவள் நூற்கோலுடன் கூங்-சே. நடுவே நகைப்பேழையுடன் சாங். பின்னால் சாட்டையுடன் தந்தை. படகேறித் தீவொன்றை அடைந்து வாழ்கின்றனர். தா-ஜினின் வீரர்கள் வந்து சாங்கைக் கொல்ல, அவள் வீட்டுக்குத் தீயிட்டு மாள்கிறாள். தெய்வங்கள் இருவரையும் புறாக்களாக்குகின்றன. தட்டின் மேற்பகுதியில் எதிரெதிரே பறப்பவை அவையே.

இக்கதை சீனப் பழங்கதை என்று எத்தனையோ சிறுவர் நூல்களில் அச்சேறியுள்ளது. இது சீனத்தில் வழங்கிய கதையன்று. 1849இல் லண்டனில் ‘ஃபேமிலி ஃபிரெண்ட்’ என்ற குடும்ப இதழில் வெளிவந்தது. தட்டு உருவாகி ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், தட்டைப் பார்த்துக் கட்டப்பட்ட கதை. அதற்குப் பதினோராண்டு முன்னர், 1838இல், மார்க் லெமன் ‘பென்ட்லீஸ் மிசெலனி’ இதழில் அதே தட்டுக்கு நகைச்சுவையாக வேறொரு கதை எழுதியிருந்தார். ஒரே படத்துக்கு இரு கதைகள் என்பதே, படத்தோடு பிறந்த கதை எதுவும் இல்லை என்பதற்குப் போதிய சான்று. பாட்ரிசியா ஓ’ஹாரா 1993இல் ‘விக்டோரியன் ஸ்டடீஸ்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, இக்கதை வழக்காறு விக்டோரியக் காலத்தின் ஆக்கமே என்பதை விரிவாக நிறுவுகிறது.

புறநானூற்றுப் பாடல்களின் அடியில் நிற்கும் திணை, துறைக் குறிப்புகளும் பாடிய சூழலைச் சொல்லும் கொளுக்களும் பாடலோடு பிறந்தவையா, தொகுத்தோர் பாடலின் சொற்களிலிருந்தே வருவித்தவையா என்னும் வாதம் நமக்குப் புதிதன்று. தனிப்பாடல்களைச் சுற்றிப் பின்னப்பட்ட புலவர் கதைகள் இதற்கு இன்னும் நெருக்கமானவை. 1876இல் அச்சான ‘விநோதரசமஞ்சரி’ அத்தகைய கதைகளை உரைநடையில் பரப்பியது. பாடலின் ஒரு சொல்லை விளக்க ஒரு நிகழ்ச்சி கற்பிக்கப்படுகிறது. பின்னர் அந்நிகழ்ச்சி வரலாறாகிறது. இறுதியில் நிகழ்ச்சிக்குச் சான்றாகப் பாடலே காட்டப்படுகிறது. வில்லோவிலும் இதே சுழற்சிதான். ‘கதை உண்மை என்பதற்குப் பாலத்தின் மூவரே சாட்சி’ என்று சொல்லப்படும்போது, மூவரைப் பார்த்துத்தான் கதை எழுந்தது என்பது மறக்கப்படுகிறது.

கொளு பிற்பட்டது என்று கண்டவுடன் அதைத் தள்ளிவிடும் திறனாய்வு எனக்கு உடன்பாடன்று. பிற்பட்ட உரை, பாடலைப் பற்றிச் சொல்வதைவிட உரைகாரர் காலத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்லும். 1849இன் கதையில் ஒரு பகுதி பெரும்பாலான சுருக்கங்களில் விடுபட்டுவிடுகிறது. தீவை அடைந்த சாங் அங்கே நிலத்தைத் திருத்தி, பயிரிட்டு, செல்வனாகி, வேளாண்மை பற்றி நூலொன்று எழுதுகிறான். அந்நூலால் பரவிய புகழே அவன் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. தரிசை விளைநிலமாக்கி, அதைப் பற்றி நூலும் எழுதும் கணக்கர்! இவன் சீனக் காதலனல்லன். உழைப்பால் உயரும் விக்டோரிய நடுத்தர வகுப்பின் இலட்சிய மகன். அவனுக்கு எதிரே நிறுத்தப்படுபவர் யார்? சுங்கத்தில் கையூட்டு வாங்கும் சீன அதிகாரி. முதல் அபினிப் போர் 1842இல் நான்கிங் உடன்படிக்கையோடு முடிந்து ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. சீனச் சுங்க அதிகாரி நேர்மையற்றவர் என்ற எண்ணம் ஆங்கிலேய வாசகர்க்கு அப்போது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. போரின் நியாயம் தேநீர் மேசைவரை வந்துவிட்டது, அதுவும் காதற்கதையாக.

பல்லின நாடுகளில் பாடம் நடத்தும் நமக்கு இது வெறும் கால ஆராய்ச்சியன்று. சீன மாணவர்களும் இந்திய மாணவர்களும் அமர்ந்திருக்கும் வகுப்பில், ஆங்கிலேய இதழாசிரியர் ஒருவர் படைத்த சீனரைச் ‘சீனரின் பழங்கதை’ என்று எடுத்துச் சொல்வது தவறான கல்வி. கதையைச் சொல்லலாம், நல்ல கதைதான். ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆங்கில இலக்கியவாணர்கள் இவ்வரைவைக் கையாண்ட விதமும் கவனிக்கத்தக்கது. சார்லஸ் லேம் 1823இல் எழுதிய ‘பழஞ்சீனக் கலம்’ பற்றிய கட்டுரை உண்மையான சீனக் கலத்தைப் பற்றியது. தொலைவும் அண்மையும் இல்லாத அவ்வோவிய உலகை அவர் குறையாகக் கருதாமல் மகிழ்ச்சியாகவே கண்டார். மெரிடித்தின் ‘தி ஈகோயிஸ்ட்’ (1879) நாவலில் தலைவனின் பெயரே வில்லோபி பாட்டர்ன். மணம் பேசப்பட்ட பெண் விலகிச் செல்லும் கதைக்கு அப்பெயர் ஒரு குறிப்பாக நிற்கிறது. தட்டின் கதை முப்பது ஆண்டுகளில் விளக்கமின்றியே புரியும் மரபாகிவிட்டது என்பதற்கு இது சான்று.

பேசும் தட்டு பேசாதவை

டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழில் 1852 ஏப்ரலில் ‘எ பிளேட்டட் ஆர்ட்டிகிள்’ வெளிவந்தது. ஸ்டாஃபோர்டுஷயரின் சோர்வூட்டும் ஊரொன்றின் விடுதியில் பொழுது போகாமல் அமர்ந்திருப்பவரிடம், அவர் முன்னுள்ள தட்டு பேசத் தொடங்குகிறது. ஸ்போடின் ஆலையை அப்போது நடத்திவந்த கோப்லண்டின் தொழிற்சாலையில் தான் பிறந்த கதையை, களிமண் வந்தது முதல் அச்சு ஏறியது வரை, அது நினைவூட்டுகிறது. வில்லோவைப் பற்றிய கேலியும் உண்டு. பொருளே தன் வரலாற்றைச் சொல்லும் உத்தியால், தொழில்நுட்பச் செய்தி அனைத்தும் இடரின்றி வாசகரை அடைகிறது. இவ்வகைக் கட்டுரைகளுள் இதற்கு நிகரானவை குறைவு.

ஆனால் தட்டு பேசும்போது பேச்சு தட்டினுடையதாகிவிடுகிறது. வேலையின் நேர்த்தியை அது வியக்கிறது. வேலை நேரத்தையும் கூலியையும் கேட்பதில்லை. அதற்குப் பத்தாண்டு முன்னரே, சிறுவர் உழைப்பை விசாரித்த அரசு ஆணையத்திற்காக சாமுவேல் ஸ்கிரிவன் இவ்வட்டார ஆலைகளுக்குள் சென்று சிறுவர் சிறுமியரின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்திருந்தார். வெப்பமான அறைகளுக்கும் குளிர்ந்த வெளிக்கும் இடையே அச்சுகளைச் சுமந்து நாள் முழுதும் ஓடும் சிறுவர்கள், அச்சறைகளில் தாள் வெட்டும் சிறுமியர், ஈயம் கலந்த மெருகுக் குழம்பில் கைகளை முக்கிக்கொண்டே இருப்பவர்கள் ஆகியோர் அதில் பேசுகின்றனர். குழம்பில் முக்குவோருக்கு வயிற்றுவலியும் கைகள் செயலிழப்பதும் வந்தன. கற்பொடியைச் சுவாசித்தோருக்கு நுரையீரல் கெட்டது. கரையக்கூடிய ஈயம் மிகுந்த மெருகை விதிகள் முற்றாக விலக்க 1947 வரை ஆயிற்று.

டிக்கன்ஸ் தொழிலாளர் துன்பத்தை அறியாதவர் அல்லர். எனவே இந்த மௌனம் வடிவத்தின் மௌனம் என்றே கொள்கிறேன். தட்டைப் பேசவைக்கும் உத்தி, தட்டைச் செய்தவரைப் பேசவிடாத உத்தியும் ஆகும். மேலே குறிப்பிட்ட கரையின் ஒட்டிடத்துக்குத் திரும்புவோம். தாளை வெட்டிய சிறுமியின் கத்தரியும் பொருத்திய பெண்ணின் விரலும் தட்டின்மேல் விட்ட ஒரே தடம் அதுதான். அடியில் முத்திரை இருக்கும். அது முதலாளியின் பெயர். சுவடியின் ஈற்றில் ஏடெழுதியவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் பொறித்து வைப்பது நம் வழக்கம். அத்தகைய உரிமை ஸ்டாஃபோர்டுஷயரில் அச்சுப் பெண்டிருக்கு இல்லை.

இந்தியாவும் தீவுக்கூட்டமும்

நீல அச்சுக்கு இந்தியாவும் பொருளாயிற்று. வங்காளத்தில் படைப்பணி புரிந்த தாமஸ் வில்லியம்சன் எழுதி, அவர் குறிப்போவியங்களைக் கொண்டு சாமுவேல் ஹோவிட் வரைந்த நாற்பது படங்களோடு 1805–1807இல் வெளிவந்த ‘ஓரியண்டல் ஃபீல்டு ஸ்போர்ட்ஸ்’ என்னும் வேட்டை நூலிலிருந்து காட்சிகளை எடுத்து, ஸ்போடு ஆலை 1815ஐ ஒட்டி ஒரு முழு உணவுத் தொகுதியை வெளியிட்டது. புலி, கரடி, காட்டுப்பன்றி, யானைமேல் வேட்டைக்காரர். உணவுத் தட்டில் இடம்பெற்ற காட்சி கரடியின் சாவு. விலங்குகள் கரையைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கின்றன. பெரிய நூலை வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது. தட்டு அந்நூலைத் துண்டு துண்டாகப் பல வீடுகளுக்கு எடுத்துச் சென்றது. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரின் ‘ஓரியண்டல் சீனரி’ ஓவியங்களும் இவ்வாறே களவாடப்பட்டன. ஜான் ராஜர்ஸ் ஆலை வெட்டிய ஒரு வரைவு டெல்லியில் ஃபிரோஸ் ஷா கோட்லாவுக்கு அருகிலிருந்த பாழ்பட்ட கட்டடத்தைக் காட்டுகிறது; சேகரிப்பாளரிடையே அது ‘மோனோப்டெரோஸ்’ என்னும் கிரேக்கப் பெயரால் வழங்குகிறது. இங்கும் ஒரு பிற்காலக் கொளு. டெல்லி மறைந்து கிரேக்கம் வந்துவிட்டது. 1842ஆம் ஆண்டின் வரைவுரிமைச் சட்டத்துக்குப் பின் இத்தகைய எடுத்தாளல் குறைந்தது. அதன்பின் வந்தவை பெரும்பாலும் எந்த நாட்டையும் சேராத ஏரி, மலை, கோபுரக் கற்பனைகள். அவை எனக்கு உவப்பானவையல்ல.

இத்தட்டுகளை ஏகாதிபத்தியப் பார்வையின் கருவிகள் என்று மட்டும் வாசிக்கும் போக்கு அண்மைக்காலத் திறனாய்வில் வலுவாக உள்ளது. வேட்டைத் தட்டுகளைப் பொறுத்தவரை அவ்வாசிப்பு சரியே. அதைப் பொதுவிதியாக்கும்போதுதான் இடர்ப்பாடு எழுகிறது. ஆங்கிலேயரை வென்ற அமெரிக்கர்களின் பெருமையையும் இதே ஸ்டாஃபோர்டுஷயர்தான் அச்சிட்டு விற்றது. 1824இல் லஃபாயெட் நியூயார்க்கில் வந்திறங்கிய காட்சியை க்ளூஸ் ஆலை தட்டில் வெட்டியது. வாங்குவோர் கேட்பதை ஆலை அச்சிட்டது. கேட்டவர் யார் என்பதே வினா.

நம் வட்டாரத்திற்கு வருவோம். மாஸ்ட்ரிக்ட் நகரில் பெட்ரஸ் ரெகூ 1830களில் தொடங்கிய ஆலை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் பெருமளவில் கலம் அனுப்பியது. அதன் வரைவுகளுள் ‘பாயோங்’ என்றொன்று உண்டு, குடை என்பது பொருள். கிளாஸ்கோவில் 1840களின் தொடக்கத்தில் உருவான ஜே. அண்ட் எம். பி. பெல் நிறுவனம் இன்னும் ஒருபடி சென்று, தென்கிழக்காசியச் சந்தைக்கென்றே தனி வரைவுகளை வெட்டி, அவற்றுக்கு மலாய்ப் பெயர்களையும் இட்டது. ‘புவா நானாஸ்’ என்பது அன்னாசிப்பழம். ‘பூரோங் கூப்பு’ என்பதில் பறவையும் வண்ணத்துப்பூச்சியும். அடிமுத்திரைகள் சிலவற்றில் மலாய்ப் பெயர் ஜாவி எழுத்திலும் அமைந்துள்ளது. கோபால்ட் நீலத்தோடு நில்லாமல் பிற நிறங்களிலும் இவ்வாலைகள் அச்சிட்டன.

தட்டின் அடிப்புறம் உண்பவர் காண்பதன்று. விற்பவரும் வாங்குபவரும் கவிழ்த்துப் பார்ப்பது. அங்கே ஜாவி எழுத்து இருக்கிறதெனில், கவிழ்த்துப் பார்த்துப் படிக்கத் தெரிந்த ஒருவரை மனத்தில் கொண்டே அது பொறிக்கப்பட்டது என்று கருதலாம். வேட்டைத் தட்டில் இந்தியர் படமாக இருந்தார். இத்தட்டில் மலாய்க்காரர் வாசகராக இருக்கிறார். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அடக்கும் கோட்பாடு எதையும் விளக்கியதாகாது.

பெல் நிறுவனத்தின் வேறிரு பெயர்கள் ‘காப்பால் பாசார்’, ‘தர்லாலு பாகூஸ்’. பெரிய கப்பல், மிகவும் அழகு என்பன பொருள். ரோமன் எழுத்தில் உள்ள இவ்வெழுத்துக்கூட்டல், இன்றைய மலாயின் ‘பெசார்’, ‘தெர்லாலு’ ஆகியவற்றிலிருந்து வேறுபடுகிறது. எழுத்துமுறை தரப்படுத்தப்படாத காலத்தில், மலாயைக் காதால் கேட்ட ஒருவர் சொன்னதை, மலாய் அறியாத செதுக்குநர் ஒருவர் செம்பில் வெட்டியிருக்கலாம். அவ்வாறாயின் இம்முத்திரைகள் துறைமுகச் சந்தையில் வழங்கிய மலாயின் ஒலிக்குச் சிறு சான்றுகளும் ஆகும். சிங்கப்பூரில் நிகழ்ந்த அகழாய்வுகளின் மேலடுக்குகளில் ஐரோப்பிய அச்சுக் கலங்களின் சில்லுகள் கிடைத்துள்ளன. பதினான்காம் நூற்றாண்டை நோக்கித் தோண்டுவோரின் கவனம் இயல்பாகவே கீழடுக்குச் சீனக் கலங்களின்மேல் அமைகிறது. மேலடுக்குச் சில்லுகளைக் கவிழ்த்து அடிமுத்திரையைப் படிக்கும் வேலைக்கு ஜாவியும் மலாயும் அறிந்த மாணவர்களே தகுதியுடையவர்கள். பாடபேதம் பார்க்கப் பழகிய நம் மாணவர்கள் அவர்களுடன் சேர்ந்து அமரலாம்.